ஆகாயத்தாமரையும் நம் வீட்டுச் சாக்கடையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், ஏரிச் சீரமைப்புத் தீர்மானத்தை முன்மொழிந்து பேசியதன் எழுத்து வடிவம்)



தீர்மானத்தைப் படித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், "ஏரியும் பறவையும் வங்காளிப் பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்ளும் காரியம், பிழைக்க வந்த நமக்கு எதற்கு?" என்றார். இன்னொருவர், "ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் தூங்குகிறேன், அதையும் கேட்கிறீர்களே" என்றார். மூன்றாவது ஆள் ஒரு தங்கச்சி. ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவள். அவள் கோபப்படாமல் கேட்டாள்: "அண்ணே, ஏரி சுத்தமாகிவிட்டால் எங்களை அங்கே இருக்க விடுவார்களா?"

முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்விக்காகத்தான் நான் இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

கரக்பூரிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹௌராவில் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி, கோனா எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கமாக, ஓர் ஏரி இருக்கிறது. இங்கே ஜீல் என்பார்கள். சுமார் 13 ஹெக்டேர். நம் கணக்கில் முப்பத்திரண்டு ஏக்கர். தென்கிழக்கு ரயில்வேயின் நிலம். குளிர்காலம் பிறந்ததும் அங்கே ஆயிரக்கணக்கில் வாத்துகள் வந்து இறங்கும். பெரும்பாலும் சீழ்க்கைச் சிறகி என்ற வாத்துதான். வங்காளிகள் சராலி என்கிறார்கள். பறக்கும்போது சீட்டி அடிக்கும். இந்தப் பறவை இரவெல்லாம் வயலிலும் சதுப்பிலும் மேய்ந்துவிட்டுப் பகலில் ஏரியில் வந்து தூங்கும். நைட் டூட்டி முடித்து வரும் நம் ஆட்கள் மாதிரிதான். பகலில் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்தால் எவ்வளவு எரிச்சல் வரும் என்பது நமக்குத் தெரியாதா!

இந்த ஏரியை வருஷா வருஷம் ஆகாயத்தாமரை மூடுகிறது. ஊரில் சில பக்கம் வெங்காயத்தாமரை என்போம். இங்கே கொச்சூரிபானா. ஊதாப் பூ பூத்து, பார்க்கப் பூந்தோட்டம் போல இருக்கும். அது தென் அமெரிக்காவில், அமேசான் ஆற்றுப் பக்கத்தில் பிறந்த செடி. பூவின் அழகுக்காகத்தான் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குள் வந்தது. அழகு பார்த்துக் கொண்டுவந்தவன் யாரோ, அனுபவித்தவன் குடியானவன். நெல் வயலுக்குள் புகுந்தது. ஆற்றையும் கால்வாயையும் அடைத்துப் படகை நிறுத்தியது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன்காரன்தான் இதைக் கொண்டுவந்து விட்டான் என்று ஒரு புரளி கிளம்பி, 'ஜெர்மன் பானா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1921-ல் சர்க்கார் இதற்கென்று ஒரு கமிட்டி போட்டது. தலைவர் யார் தெரியுமா? ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளைப் பற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றவர். அவ்வளவு பெரிய விஞ்ஞானியை உட்கார வைத்தும் செடி அசையவில்லை. 1936-ல் வங்காள ஆகாயத்தாமரைச் சட்டம் என்று ஒரு தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 1937 தேர்தலில் கட்சிகள் கொச்சூரிபானாவை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்து ஓட்டுக் கேட்டன. நம் ஊரில் அரிசிக்கும் மின்சாரத்துக்கும் வாக்குறுதி கேட்டிருக்கிறோம். ஒரு களைக்கு வாக்குறுதி கொடுத்த தேர்தல் வேறு எங்கேயாவது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அந்தச் சட்டத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நிலத்தை யார் அனுபவிக்கிறானோ, நோட்டீஸ் வந்தால் அவன் செடியை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் தண்டனை. அதாவது செடியை விட்டவன் ஒருவன், தண்ணீரோட்டத்தை அடைத்தவன் ஒருவன், குனிந்து பிடுங்க வேண்டியவன் மட்டும் குடியானவன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி கேட்ட கேள்விக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

இனி செடியைப் பற்றி. நான் பத்தாவது வரை படித்தவன். சயன்ஸ் பேசுவது என் வேலையல்ல. ஆனால் குமாஸ்தா, கணக்குப் போடத் தெரியும். வெயிலும் சாக்கடைச் சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். தாய்ச் செடியிலிருந்து ஒரு தண்டு ஓடி, அதன் நுனியில் குட்டி முளைக்கும். குட்டி பிரிந்துபோய் அது ஒரு தாய். ஏரியில் கால் பங்குதானே மூடியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இரண்டு வாரத்தில் அரை ஏரி. அரைதானே என்றால் அடுத்த இரண்டு வாரத்தில் முழு ஏரி. வட்டிக் கடைக்காரனிடம் மாட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நான் சொல்லாமலே புரியும். இதோடு விதையும் உண்டு. சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருஷம் உயிரோடு கிடக்கும்.

மேலே மூடிவிட்டால் கீழே வெளிச்சம் போகாது. தண்ணீரில் காற்று குறையும். மீன் சாகும். கொசுவுக்கு வீடு. வாத்துக்கு இறங்க இடமில்லாமல் மேலே வட்டமடித்துவிட்டு வேறு பக்கம் போய்விடும்.

அப்படியானால் முழுசாக வழித்து எடுத்துவிட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வருஷம் பூஜை முடிந்த மறுவாரம், பேட்டை இளைஞர்களோடு நம் ஆட்கள் பதினொரு பேர் முதல் தடவையாகப் போனோம். அங்கே பறவை பார்க்கும் வங்காளிப் பெரியவர் ஒருவர் இருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். நான் ஆவேசமாக, "ஒரு செடி மிச்சம் வைக்கக் கூடாது தாதா" என்றேன். (நம் ஊரில் தாதா என்றால் வேறு அர்த்தம், இங்கே அண்ணன்.) அவர் சிரித்துவிட்டு, "அப்புறம் பறவை எங்கே உட்காரும்?" என்று கேட்டார். தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஆனால் நடுவில் ஆங்காங்கே செடியை மூங்கில் கட்டி நிறுத்தித் திட்டுத் திட்டாக விட வேண்டும். அந்தத் திட்டுகள்தான் வாத்துக்குப் பகல் படுக்கை. முழுக்க மூடினாலும் பறவை வராது, முழுக்க வழித்தாலும் தங்காது. அதுவும் குளிர் தொடங்கிப் பறவை வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வந்தபின் தண்ணீரைக் கலக்கக் கூடாது.

அன்றைக்கு எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. சூரியன் உச்சிக்கு வரும்வரை இழுத்துக் கரையில் போட்டோம். முட்டளவு உயரத்துக்குக் குவியல். பெருமையாக இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி மழை. புதன்கிழமை போய்ப் பார்த்தால் குவியலில் பாதி சரிந்து மறுபடி தண்ணீருக்குள் மிதக்கிறது. வாடிக்கூடப் போகவில்லை. நாகப்பட்டினத்துப் பெரியம்மா ஒருவர் நம் பேட்டையில் இட்லி விற்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, "கரையிலே போட்டா அது செத்ததா ஆயிடுமாடா? மேட்டுக்கு அந்தாண்டை கொண்டுபோய் வேரை மேலே பார்க்கக் கவிழ்த்துப் போடுங்க" என்றார். குளத்து ஊரில் பிறந்தவருக்குத் தெரிந்தது பதினொரு ஆண்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கரை வேலைக்கு அவர்தான் மேஸ்திரி.

இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஒரு டன் சுமந்தால் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் தண்ணீரைத்தான் சுமக்கிறோம். ஆகவே கவிழ்த்துப் போட்டு வெயிலில் வற்றவிட்டு அப்புறம் அள்ளினால் சுமை குறையும், முதுகும் பிழைக்கும். சாணத்தோடு கலந்து குழியில் போட்டால் உரமாகிறது. ஆனால் ஒன்று: இந்தச் செடி தண்ணீரில் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற விஷ உலோகங்களையும் வேர் வழியாக உறிஞ்சும். பட்டறைகளும் சாக்கடையும் நிறைந்த ஊரில் எடுத்த செடி. அந்த உரத்தைப் பூச்செடிக்கும் மரத்துக்கும் போடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள்.

"மருந்து அடித்துவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?" என்று ஒரு தம்பி கேட்டான். அடிக்கலாம். செத்த செடி முழுவதும் அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் காற்றையெல்லாம் தின்றுவிடும். மிச்ச மீனும் மிதக்கும். இதைத் தின்னும் ஒருவகைக் கூன்வண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்து 1980-களில் பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள்; பலன் கிடைத்தது. ஆனால் அது வருஷக்கணக்கில் ஆகும் காரியம். சாக்கடை கொட்டிக்கொண்டே இருந்தால் வண்டு தின்பதைவிடச் செடி வேகமாக வளரும்.

நான் வந்து சேர வேண்டிய இடம் இந்தச் சாக்கடைதான். ஆகாயத்தாமரை ஏரியின் நோய் அல்ல. காய்ச்சல் அடித்தால் உடம்பு சுடுகிற மாதிரி, நோயின் அடையாளம். அதற்குச் சோறு போடுவது யார்? சுற்றிலும் உள்ள வீடுகளின் கழிவுநீர். சோப்பு, கக்கூஸ், எச்சில் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றிலும் அதற்கு வேண்டிய உரம் இருக்கிறது. நம் பேட்டை வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று போன மார்கழியில் நான் நடந்து போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக அதன் பக்கத்தில் குடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கடைசிவரை நடந்தேன். ஏரியில்தான் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் பிடுங்கிய செடிக்குத் திங்கட்கிழமை என் வீட்டுத் தண்ணீர்தான் தீனி போட்டிருக்கிறது.

ஆகவே "நமக்கு எதற்கு?" என்று கேட்ட அண்ணாச்சிக்கு இதுதான் பதில். ஏரிக்கும் நமக்கும் சம்பந்தம் இருக்கிறது; குழாய் போட்டு இணைத்த சம்பந்தம்.

இரண்டாவது தோழருக்கு. தூங்குங்கள். இந்த வேலையைக் கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாது. ஊரில் குடிமராமத்து என்று பெருமையாகப் பேசுகிறோம். ஊரே சேர்ந்து ஏரி வெட்டியதாகச் சொல்கிறோம். ஏரி மண் சுமந்தவன் எந்தத் தெரு, கரையில் குடை பிடித்து நின்றவன் எந்தத் தெரு என்று நம் அப்பன் பாட்டன் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் 1858-ல் சென்னை ராஜதானியில் இதற்குக் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். அந்த மாதிரி ஒன்றைச் சங்கத்தின் பெயரால் இங்கே கொண்டுவர நான் தயாரில்லை.

தொழிற்சங்கத்துக்காரன் என்ற முறையில் இதையும் சொல்லியாக வேண்டும். டிங்கிப் படகில் போய், கழுத்தளவு தண்ணீரில் நின்று, மூங்கில் கட்டிச் செடியை இழுப்பது கூலிவேலை. அட்டை உண்டு, பாம்பு உண்டு, உடைந்த பாட்டில் உண்டு. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். சங்கத்துக்காரர்கள் இலவசமாகச் செய்கிறார்கள் என்று அந்தக் கூலிக்காரனின் நாலு நாள் சம்பளத்தைப் பறிக்க நாம் காரணமாக இருக்கக் கூடாது. நம் வேலை கரையோடு நிற்கட்டும்: வாங்கிப் போடுவது, கவிழ்ப்பது, சுமப்பது, குப்பை பொறுக்குவது, கணக்கெழுதுவது.

இனி தங்கச்சியின் கேள்வி.

அவள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஏரி என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆக்கிரமிப்பு என்ற சொல்லும் பின்னாலேயே வரும். தெற்குக் கல்கத்தாவில் ரவீந்திர சரோவர் என்று ஓர் ஏரி. அதை ஒட்டி, தண்டவாள ஓரத்தில், ரயில்வே நிலத்தில் கோவிந்தபூர் ரயில் காலனி. ஏரி மாசுபடுகிறது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில், அந்தக் குடிசைக்காரர்களை அப்புறப்படுத்த உத்தரவு வந்தது. 2005-ல் அப்புறப்படுத்தப் போனபோது மக்கள் தண்டவாளத்தில் திரண்டு நின்று எதிர்த்தார்கள். வழக்குப் போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏரி மேல் அக்கறை இருந்தது, உண்மை. ஆனால் அந்த அக்கறைக்கான செலவு யார் தலையில் வந்து விடிந்தது? 1936 சட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதே கதை. அன்றைக்குக் குடியானவன், இன்றைக்குக் குடிசைக்காரன்.

சாந்த்ராகாச்சி ஏரியின் கழிவுநீர் விவகாரமும் 2010-களின் பிற்பகுதியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஏரியைச் சுற்றி மாலை போல வாய்க்கால் வெட்டிச் சாக்கடையைத் திருப்பிவிடுவது, சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது, இவற்றைப் பற்றியெல்லாம் அங்கே பேச்சு நடந்தது. இதுதான் சரியான வழி. ஆனால் வாய்க்கால் கோடிக்கணக்கில் செலவு. குடிசையைப் பிரிக்க ஒரு புல்டோசர் போதும். எது சுலபமோ அதைத்தான் முதலில் செய்வார்கள். நானே குமாஸ்தா. கடினமான கோப்பு அலமாரியில் எப்படித் தூங்கும், சுலபமான கோப்பு எப்படி ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நம் மனுவும் போன வருஷத்திலிருந்து மேசைக்கு மேசை உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, தங்கச்சி, "விடுவார்களா?" என்று நீ கேட்டதற்கு, நிச்சயம் விடுவார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வழிதான் இருக்கிறது. ஏரிப் பக்கமே போகாமல் ஒதுங்கி இருக்கலாம். அப்போது பேப்பரில் வரும் போட்டோவில் ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் நம் குடிசையும் குப்பையும். குற்றவாளி யார் என்று கேட்கவே வேண்டாம். இல்லையென்றால் கரைக்காரர்களே முன்னால் நின்று வேலை செய்யலாம். போன குளிர்காலத்தில் வாத்து தங்கியிருந்தபோது பட்டாசு வெடிக்க வந்த பையன்களைத் தடுத்து நிறுத்தியது கரைக் குடிசைப் பெண்கள்தான். அந்த வாத்தியார் தாதா தம் கையால் அதை எழுதி, எங்கள் மனுவோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இவர்கள் இல்லாவிட்டால் இந்த ஏரியை ராத்திரி பகல் யார் பார்ப்பார்கள்?" என்று வங்காளத்தில் எழுதியிருக்கிறார். அது ஒரு காகிதம்தான். பட்டா அல்ல. ஆனால் நாளைக்கு எந்த அதிகாரி முன்னால் போனாலும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் பேசுவேன்.

கிழக்குக் கல்கத்தா சதுப்பு நிலம் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நகரத்துச் சாக்கடைத் தண்ணீரிலேயே மீன் வளர்க்கிற மீன்பண்ணைகள். அங்கே இதே ஆகாயத்தாமரையைக் கரையோரமாக மூங்கில் கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அலை வந்து கரையை அரிக்காமல் தடுக்கும். அழுக்கையும் கொஞ்சம் உறிஞ்சும். எங்கே நிறுத்துவது, எப்போது எடுப்பது என்று அந்த மீனவர்களுக்குத் தெரியும். 2002-ல் அந்த இடத்துக்கு ராம்சர் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. தண்ணீரோடு வாழ்கிற ஜனங்களை வைத்துக்கொண்டே தண்ணீரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு நான் தூர தேசம் போக வேண்டியதில்லை, ஹூக்ளி நதியைத் தாண்டினால் போதும்.

இப்போது தீர்மானத்தைப் படிக்கிறேன். நிலையத்தை ஒட்டிய கரையில் நம் பேட்டை வாய்க்கால் விழும் பகுதியை இந்த ஆண்டிலிருந்து சங்கம் பொறுப்பேற்கும். பறவை வரும் முன் நான்கு ஞாயிறு கரைவேலை, விருப்பமுள்ளவர்கள் மட்டும். தண்ணீருக்குள் இறங்கும் வேலைக்குக் கூலி கொடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டும் என்று கூட்டுக் கமிட்டியில் நம் பிரதிநிதி வற்புறுத்துவார். நம் வாய்க்காலின் வாயில் கம்பிவலை போட்டு, வாரம் ஒரு முறை நாமே குப்பை எடுப்போம். கழிவுநீரை ஏரிக்கு வெளியே திருப்பும் வாய்க்கால் கோரும் மனுவில், 'மாற்றிடம் கொடுக்காமல் கரையில் குடியிருக்கும் எந்தக் குடும்பத்தையும் அகற்றக் கூடாது' என்ற வரி இருக்கும். அந்த வரியை நீக்கினால்தான் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம் என்று வேறு எந்தச் சங்கமாவது சொன்னால், நாம் தனியாக அனுப்புவோம்.

கம்பிவலைக்கும் மூங்கிலுக்கும் சந்தா வசூல் செய்கிறோம். நோட்டு வாசலில் இருக்கிறது, ஐந்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெரியம்மாவின் இட்லிக் கடை முன்னால் கூடுவோம். பழைய முழுக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டு வாருங்கள். காலில் புண் உள்ளவர்கள் தண்ணீர்ப் பக்கம் வர வேண்டாம். குழந்தைகளைக் கரைக்கு மேலேயே நிறுத்துங்கள்.

தீர்மானத்தின் மேல் பேச வேண்டியவர்கள் பேசலாம். முதலில் கரைக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் பேசட்டும் என்று தலைவரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.